மூச்சுக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்

யூனிவர்சிட்டியில் ஃபீஸ் எப்படி நிர்ணயம் செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆசிரியர் சம்பளம், லேப் செலவு, உலகத்தரம் என்று சர்க்குலரில் பெரிய பெரிய வார்த்தையாக எழுதுவார்கள். அதெல்லாம் பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கர். உள்ளே நடப்பது, முந்திரி பக்கோடா தின்றுகொண்டே ஒருத்தர் ஒரு நம்பரைச் சொல்வது, மற்றவர்கள் தலையாட்டுவது, அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

என் பெயர் மகா. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற நவசிகரா யூனிவர்சிட்டியில் ஃபீஸ் செக்‌ஷன் சூப்பரின்டென்டன்ட். பதினேழு வருஷமாக அந்தக் கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்டின் டவுனிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் சண்டைக்கு வருகிறவர்கள்கூட நான் வேலைக்குப் போய்விட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த வாயால் வந்த வினைதான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ரக்ஷிதா அதே யூனிவர்சிட்டியில் பி.காம் படித்தாள். ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஃபீஸில் பாதி தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால், கம்பெனி கேப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் தினேஷின் சம்பளத்துக்கும் என் சம்பளத்துக்கும் அந்த கேட்டுக்கு வெளியேதான் நின்றிருப்பாள். இரண்டு வருஷம் முடித்துவிட்டாள். கடைசி வருஷம் மட்டும் பாக்கி இருந்தது. சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு டியூஷன் எடுப்பாள், தலைக்கு மாசம் ஐந்நூறு ரூபாய். யாராவது இந்த மாசம் முடியாது என்றால், சரி அடுத்த மாசம் குடு என்று விட்டுவிடுவாள். என்னிடம் வேலை பார்த்திருந்தால் ஒரே நாளில் துரத்தியிருப்பேன்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். கவுன்ட்டருக்கு வந்தால், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, “அம்மா!” என்று கத்துவாள்.

“இங்க மேடம்னு கூப்பிடுடி. மானத்த வாங்காத.”

“வூட்ல அம்மா, இங்க மேடமா? அப்ப பஸ்ல இன்னா, ஆன்ட்டியா?”

வரிசையே சிரிக்கும். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் ஒருநாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

மார்ச் மாசம் ஃபீஸ் கமிட்டி மீட்டிங். ஏழாவது மாடி போர்டு ரூம். சேர்மன், டீன், இன்னும் நாலு தலைகள், அப்புறம் ஃபைனான்ஸ் ஆபீசர் கோவிந்தப்பா. கோவிந்தப்பா கோலார் பக்கத்து ஆள், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், கெட்டவர் கிடையாது. அவருக்குக் கிண்டல் என்ற ஒன்று மட்டும் புரியாது. நாம் கேலியாக எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். எனக்கு அங்கே வேலை, எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் சொல்கிற எண்ணைத் திரையில் தட்டுவது.

சேர்மன் ஒரு பக்கோடாவை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். “பக்கத்து யூனிவர்சிட்டிக்காரன் இந்த வருஷம் எவ்வளவு?”

கோவிந்தப்பா அவர்களுடைய புரோஷரைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். “ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் சார்.”

“நாம போன வருஷம்?”

“ஒரு லட்சத்து எண்பதாயிரம்.”

“அப்ப நாம இப்ப ரெண்டு இருபது.”

டீன் பாவம், புதுசு. “காரணம் என்ன சார் சொல்றது?” என்று கேட்டுவிட்டார்.

சேர்மன் அவரைச் சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “அவனைவிடக் கம்மியா வாங்கினா, அவனைவிட நாம மட்டம்னு பேரன்ட்ஸ் நினைப்பாங்க. இதுதான் காரணம். எழுத வேண்டிய காரணத்தைக் கோவிந்தப்பா எழுதிக்குவார்.” அப்புறம் கொஞ்சம் யோசித்தார். “இருபதுன்னு போடாதீங்க, கண்ண உறுத்தும். ரெண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்னு போடுங்க.”

செருப்புக் கடையில் போடுகிற விலை. நான் தட்டினேன். இப்படித்தான் எங்கள் நவசிகராவில் உயர்கல்விக்கு விலை வைத்தார்கள். மொத்தம் பதினோரு நிமிஷம் ஆனது.

மிச்ச இரண்டு மணி நேரமும் அந்த நம்பருக்குள் எதை எதை அடைப்பது என்ற ஆராய்ச்சிதான். அதில் கோவிந்தப்பா பெரிய மூளைக்காரர். “சார், டியூஷன் ஃபீஸை ஏத்தினாத்தான் பேப்பர்ல வரும், ஸ்டூடன்ட்ஸ் கத்துவாங்க. நாம அதைக் குறைச்சிடலாம்” என்றார். போன வருஷம் டியூஷன் ஃபீஸ் ஒரு லட்சத்து அறுபதாயிரம், இதர கட்டணங்கள் இருபதாயிரம். இந்த வருஷம் டியூஷன் ஃபீஸ் வெறும் அறுபதாயிரம். மிச்சமெல்லாம் இதர கட்டணம். ஊரைப் பார்த்து, டியூஷன் ஃபீஸில் ஒரு லட்சம் குறைத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். சேர்மன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவர் முதுகில் தட்டினார்.

அப்புறம் இதர கட்டணங்களுக்குப் பெயர் தேட ஆரம்பித்தார்கள். டெவலப்மென்ட் ஃபீஸ், டிஜிட்டல் ஃபீஸ், ஸ்போர்ட்ஸ் ஃபீஸ். ஸ்போர்ட்ஸுக்கு எங்களிடம் கிரவுண்டே கிடையாது. இருந்த கிரவுண்டில்தான் இப்போது சேர்மன் காரை நிறுத்துகிறார். உலகளாவிய தொடர்பு ஃபீஸ் என்று ஒன்று. அது எதற்கு என்று கேட்ட டீனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் போட்டுக் கூட்டினால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் இடித்தது.

“இன்னொரு ஃபீஸ் ஹெட் வேணும்” என்றார் கோவிந்தப்பா. “யாராவது ஒரு பேர் சொல்லுங்க.”

மற்ற ஆறு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்கள். மணி இரண்டு ஆகிவிட்டது. எனக்குப் பசி. அவர்கள் தட்டில் இருந்த பக்கோடாவை என் பக்கம் ஒருத்தரும் நகர்த்தவில்லை. அந்த எரிச்சலில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஏன் சார் இவ்ளோ யோசிக்கறீங்க? உள்ள வந்தா பசங்க மூச்சு விடறாங்க இல்ல? நம்ம காத்துதான? அதுக்கு ஒரு ஃபீஸ் போட்டுடுங்க.”

நான் நினைத்தது, யாராவது முறைப்பார்கள், அல்லது சிரிப்பார்கள் என்று. இரண்டும் நடக்கவில்லை. கோவிந்தப்பா பேனாவைத் திறந்தார். “ஃபிரெஷ் ஏர் அண்ட் வெல்னஸ் ஃபீ” என்று எழுதினார். சேர்மன் கண் விரிந்தது. “நாலு செடித் தொட்டி வைங்க. காத்து எவ்வளவு சுத்தம்னு காட்டற மெஷின் ஒண்ணு மாட்டுங்க. பிரமாதம்!” என்று கைதட்டினார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே, லாரிப் புகைக்கு நடுவில் இருக்கிற காலேஜ். அதற்கு ஃபிரெஷ் ஏர் ஃபீ.

டீன் மறுபடி வாயைத் திறந்தார். “நடுவுல யாராவது படிப்ப விட்டுட்டுப் போனா இதைத் திருப்பித் தரணுமா?”

எனக்கு இதற்குள் தைரியம் வந்துவிட்டது. ரசிகர்கள் கிடைத்துவிட்டால் என் வாய் நிற்காது. “விட்ட மூச்ச யார் சார் திருப்பித் தருவாங்க? போறவங்க கிட்டயும் வாங்கிட்டுத்தான் டி.சி. குடுக்கணும்” என்றேன்.

கோவிந்தப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். மடையன்கள், மடையன்கள், கோட் போட்ட மடையன்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏழாவது மாடியில் என்னைவிடப் புத்திசாலி யாரும் இல்லை என்று அவ்வளவு கர்வம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னவோ, சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் மாசம் சர்க்குலர் பிரின்டுக்கு வந்தது. ஸ்டாஃப் பிள்ளைகளுக்கான கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். தள்ளுபடி டியூஷன் ஃபீஸில் பாதி. டியூஷன் ஃபீஸே அறுபதாயிரம் என்றால் பாதி முப்பதாயிரம். இதர கட்டணம் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் முழுசாகக் கட்ட வேண்டும். போன வருஷம் ரக்ஷிதாவுக்கு நான் கட்டியது ஒரு லட்சம். இந்த வருஷம் ஏறக்குறைய ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மற்றவர்களுக்கு ஏறியது நாற்பதாயிரம். எனக்கு ஏறியது தொண்ணூறாயிரம். அத்தனை எண்ணையும் திரையில் தட்டியவள் நான். என் ஜோக்கை நானே ரசித்துக்கொண்டிருந்த மும்முரத்தில் என் வீட்டுக்கு வைத்த வேட்டு என் கண்ணில் படவில்லை.

கோவிந்தப்பாவிடம் ஓடினேன்.

“ரூல்ல டியூஷன் ஃபீஸ்ல பாதின்னுதானே மேடம் இருக்கு? ரூலை நான் தொடவே இல்லையே” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

அட்ஜஸ்ட்! இந்த ஊரில் தலையில் இடி விழுந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று அட்ஜஸ்ட் செய்துகொள்ளச் சொல்வார்கள்.

ஓசூர் ரோட்டில் பெரிய பலகை வைத்தார்கள். ‘நவசிகரா: டியூஷன் ஃபீஸில் ஒரு லட்சம் குறைப்பு!’ பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஒரு அப்பா எழுந்து நின்று, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று சேர்மனுக்கு நன்றி சொன்னார். அவர் கையிலேயே மொத்தத் தொகை போட்ட தாள் இருந்தது. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எம்.பி.ஏ. படித்தவராம். இப்படிப்பட்டவர்கள் தலையில் மிளகாய் அரைக்காமல் விட்டால்தான் ஆச்சரியம்.

ஜூலையில் காலேஜ் திறந்ததும் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். மெயின் பிளாக் படிக்கட்டில் உட்கார்ந்து போராட்டம். தலைவன் சுஹாஸ் என்று ஒரு பையன். வைட்ஃபீல்டில் கேட் போட்ட அபார்ட்மென்டிலிருந்து சொந்தக் காரில் வருகிறவன். மெகாஃபோன் பிடிப்பதற்கென்றே தாடி வளர்த்திருந்தான். ரக்ஷிதா அவன் பக்கத்தில் இரண்டாவது படியில் உட்காருவாள். என் கவுன்ட்டர் ஜன்னலிலிருந்து அவள் முதுகு தெரியும்.

அவர்கள் எல்லா ஹெட்டையும் விட்டுவிட்டு, சரியாக அந்த ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டையில் ‘மூச்சுக்கும் காசா?’ என்று எழுதினார்கள். முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் வந்தது கூத்து. யார் அதிக நேரம் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று ரீல்ஸ் போட ஆரம்பித்தார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு, பின்னால் பாட்டு வைத்து, செடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்றா இரண்டா. லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். அட்மிஷன் செக்‌ஷனில் போன் ஓயவில்லை. பின்னால் கட்டடம் நன்றாகத் தெரிகிறதே, ஹாஸ்டல் ரூம் இருக்கிறதா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். மார்க்கெட்டிங் ஆட்கள் கேக் வெட்டினார்கள். நாற்பதாயிரம் பிடுங்குகிறான் என்று சொல்ல வந்த கூட்டம், பிடுங்குகிறவனுக்கே இலவசமாக விளம்பரம் செய்துகொடுத்துவிட்டு லைக்கை எண்ணிக்கொண்டிருந்தது. தூ!

ரக்ஷிதா ரீல்ஸ் எதுவும் போடவில்லை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து என்னிடம் புலம்புவாள்.

“கட்டறது கூட அப்புறம்மா. மூச்சு விட ஃபீஸுன்னு ஒருத்தனுக்குத் தோணிச்சு பாரு, அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்? எந்த முட்டாப்பய வச்ச பேரும்மா இது? உனக்குத் தெரியும்ல?”

“யாருக்குத் தெரியும்? மேல எவனோ.”

“அவன் மட்டும் என் கையில கெடைச்சான்...”

“நாசமாப் போறவன். அவன் வாயில புத்து வைக்க” என்று நானும் சேர்ந்து திட்டினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. மூன்று வாரம், ஒரு நாள் விடாமல், அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் சிரிப்பாள். கோபத்தில் வருகிற பிள்ளை சிரித்துக்கொண்டே தூங்கப் போகிறாளே என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டுவேன்.

போராட்டக்காரர்கள் போனிலேயே ஒரு உறுதிமொழிப் படிவம் தயார் செய்தார்கள். சர்க்குலரை வாபஸ் வாங்கும்வரை ஒரு ரூபாயும் கட்டமாட்டேன் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் சுஹாஸ், இரண்டாவது ரக்ஷிதா.

அடுத்த திங்கட்கிழமை கோவிந்தப்பா ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கட்டுகிறவர்களுக்குப் பத்தாயிரம் தள்ளுபடி. அதற்குப் பிறகு தினம் ஐந்நூறு அபராதம், பத்து நாளில் பெயர் நீக்கம்.

என் திரையில் கட்டாதவர்கள் பெயர் சிவப்பில் இருக்கும், கட்டினதும் பச்சையாகிவிடும். அந்த வாரம் நான் பார்த்த காட்சியைக் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. வெளியே “கட்ட மாட்டோம், கட்ட மாட்டோம்!” என்று கத்துகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பெயராகப் பச்சை ஆகிறது. திங்கள் சாயங்காலத்துக்குள் அறுபது. செவ்வாய்க்கிழமை நூற்று இருபது. வியாழக்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு சுஹாஸ் பச்சை ஆனான். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் மெகாஃபோன், இன்னொரு கையில் போன். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கோஷத்தை எடுத்துக் கொடுத்தான். பத்தாயிரம் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, போன வருஷத்தைவிட முப்பதாயிரம் கூடுதலாகச் சத்தமில்லாமல் கட்டிவிட்டு, கத்துவதை மட்டும் நிறுத்தாத வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அன்றைக்கு வீட்டில் சொன்னேன். “உன் தலைவன் கட்டிட்டான்டி.”

“சும்மா இரும்மா. நீ மேனேஜ்மென்ட் ஆளு, அப்படித்தான் சொல்லுவ.”

“நான் பொய் சொல்லுவனா?”

“இந்த விஷயத்துல சொல்லுவ. நான் கட்டணும்ல உனக்கு.”

அது உண்மைதான். எனக்கு அவள் கட்ட வேண்டும். என் செயின் அடகுக் கடைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. தினேஷ் முதலாளியிடம் ஆறு மாசச் சம்பளத்தை முன்பணமாக வாங்கியிருந்தார். தள்ளுபடி போக, ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு டி.டி. எடுத்து என் கைப்பையில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டினால் அந்தப் பணமும் பற்றாது. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அப்புறம் என் பிள்ளை டிகிரிக்காரி. இது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை தூறியது. படிக்கட்டில் இருந்த கூட்டம் காபி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனது, திரும்பி வரவே இல்லை. நாலரை மணிக்குப் பார்த்தால் திரையில் நானூற்றுப் பதினொன்று பச்சை. ஒரு சிவப்பு. படிக்கட்டில் ஒரே ஒரு முதுகு.

நாலே முக்காலுக்கு அந்த முதுகு எழுந்தது. ஈரத் தலையோடு என் கவுன்ட்டருக்கு வந்தாள். வரிசையில் யாரும் இல்லை.

“அம்மா. எல்லாரும் கட்டிட்டாங்களா?”

மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே போனாள். சுஹாஸ் பெயரில் விரல் நின்றது. நேரத்தையும் படித்தாள்.

“பதினொண்ணு நாப்பத்திரெண்டு. அதுக்கப்புறம்தான்மா என் தோள்ல கை போட்டு, நீதான் நம்ம முதுகெலும்புன்னான்.”

“விட்டுத் தள்ளுடி அந்த டுபாக்கூர.”

கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். “சரிம்மா. கட்டிடு” என்றாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். “டியூஷன் பசங்க குடுத்தது. ஆறாயிரம் இருக்கு. என் பங்கா இருக்கட்டும். அப்பா தலையில எல்லாத்தையும் வைக்க வேணாம்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சாமி, காப்பாற்றினாய் என்று மனசுக்குள் கும்பிட்டேன். டி.டி.யை வெளியே எடுத்தேன், பில்லைத் திரையில் போட்டேன். மணி நாலு ஐம்பத்திரண்டு. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஹெட்டாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஃபிரெஷ் ஏர்! கட்டறதுதான் கட்டறோம், எந்தப் புண்ணியவான் வச்ச பேர்னாவது தெரிஞ்சா நல்லாருக்கும்.”

பின்னால் ஃபைலோடு போய்க்கொண்டிருந்த கோவிந்தப்பா நின்றார். அவர் முகம் முழுக்கச் சந்தோஷம்.

“ஏன்மா, உனக்குத் தெரியாதா? உங்க அம்மா வச்ச பேருதான்! மீட்டிங்ல எல்லாரும் முழிக்கறோம், மேடம் பட்டுனு சொன்னாங்க. சேர்மனே கை தட்டினார். சக்கத் ஐடியா!”

சொல்லிவிட்டு, பெருமையோடு தலையை ஆட்டிக்கொண்டு தன் ரூமுக்குப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ரக்ஷிதா என்னைப் பார்த்தாள்.

“நெஜமாம்மா?”

“கிண்டலுக்குச் சொன்னதுடி. பசி, எரிச்சல்ல சொன்னேன். அந்த மடையன் எழுதிக்கினான்.”

“மூணு வாரமா உன்கிட்டதான வந்து அழுதேன்? நீயும் கூடச் சேர்ந்து திட்டுனியே. வாயில புத்து வைக்கன்னியே.”

“ரக்ஷி...”

“சுஹாஸாவது ஒரு நாள்தான் என்னை ஏமாத்தினான்.”

என் கண் கடிகாரத்துக்குத்தான் போனது. மணி நாலு ஐம்பத்தாறு.

“டி.சி. ஃபார்ம் குடு.”

“பைத்தியமாடி உனக்கு? ஒரே வருஷம்டி. கண்ண மூடிக்கினு முடிச்சிடு.”

“கண்ண மூடிக்கறேன். மூச்ச இன்னா பண்றது?”

என் பெண்தான். என் வாயேதான். எனக்கே திரும்பி வந்தது.

“கரஸ்பான்டென்ஸ்ல சேர்ந்து படிச்சிக்கறேன். அந்த டி.டி.ய மாத்தி உன் செயின மீட்டுக்கோ. இவங்களுக்கு ஒரு ரூபா குடுக்காத. எனக்காக வேணாம்.”

கெஞ்சினேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அசையவில்லை. சுவர் கடிகாரத்தில் ஐந்து மணி ஆனதும், தள்ளுபடி முடிந்தது என்று திரையில் ஒரு பட்டை வந்து போனது. வேறு வழியில்லாமல் டி.சி. பக்கத்தைத் திறந்து அவள் நம்பரைத் தட்டினேன். உடனே நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி விழுந்தது. மானிட்டர் இன்னும் அவள் பக்கம் திரும்பித்தான் இருந்தது. நான் திருப்புவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

‘விலகிச் செல்லும் மாணவர்கள் ஃபிரெஷ் ஏர் அண்ட் வெல்னஸ் ஃபீ ரூ. 5,900 செலுத்திய பிறகே டி.சி. வழங்கப்படும்.’

“போறவங்களுக்குமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இதுவும் நீதானா?”

தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

அவள் அந்தக் கவரைப் பிரித்து, கசங்கின ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக நீவி, பன்னிரண்டையும் எண்ணி, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சந்து வழியாக உள்ளே தள்ளினாள். எங்கள் தெருப் பிள்ளைகள் அவளுக்குக் கொடுத்த ஃபீஸ்.

“நான் கட்டறேன்டி. அத எடுத்து வை.”

எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் கேமரா, முன்னால் திரை, பக்கத்தில் ரசீது மெஷின். பதினேழு வருஷப் பழக்கத்தில் என் விரல் தானாகவே தட்டியது. ரசீது வந்தது. கிழித்துச் சந்து வழியாக நீட்டினேன். அது நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு எதற்கென்று புரியவில்லை.

“மிச்சம் நூறு ரூபா குடுங்க, மேடம்” என்றாள்.